ரோட்டருக்கு அடியில் என்ன இருக்கிறது?

பட்டறைப் பதில்கள்: பழைய வண்டி வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக் பதில் சொல்கிறார்

சென்ற இதழில் கார்புரேட்டர் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இக்னிஷன் டைமிங் பற்றியவை, அதாவது பிளக்கில் பொறி எந்தக் கணத்தில் அடிக்க வேண்டும் என்பது பற்றியவை. பொறி முன்கூட்டி அடித்தால் அட்வான்ஸ், தாமதித்தால் ரிட்டார்ட். அதனால் இந்த மாதம் முழுவதும் அதுதான். நான் 41 வருடமாக சென்னையில் பட்டறை வைத்திருக்கிறேன். இதில் சொல்வதெல்லாம் என் கையால் செய்து பார்த்தது.

கே: என்னிடம் 1964 மாடல் அம்பாசிடர் மார்க் டூ இருக்கிறது. தாத்தா வாங்கியது. 19 வருடம் கொட்டகையில் கிடந்த வண்டியை எடுத்து, எஞ்சினைப் போர் பண்ணி, புது பிஸ்டன், புது டைமிங் செயின் எல்லாம் போட்டாயிற்று. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்லோ ஸ்பீடில் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. ஆனால் 50க்கு மேல் இழுவையே இல்லை. வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் கொதிக்கிறது. ரேடியேட்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். டைமிங்கை அட்வான்ஸ் வைத்தால் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் சூடான பிறகு செல்ஃப் அடித்தால் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. டைமிங் லைட் போட்டுப் பார்த்தும் குறி சரியாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு தெளிவாக அடையாளம் சொல்லி எழுதியதற்கு முதலில் நன்றி. ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சுழலும் ரோட்டரை இரண்டு விரலால் பிடித்து, அது ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருகிப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். கொஞ்ச தூரம் திரும்பி, விட்டதும் 'டக்'கென்று பழைய இடத்துக்கு வரவேண்டும். திரும்பவே இல்லை, அல்லது திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது என்றால் நோய் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது திரும்பாது என்பதுதான் என் கணிப்பு.

காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்குவது பாயிண்ட். அது உட்கார்ந்திருக்கும் தட்டுக்குக் கீழே இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உண்டு. எஞ்சின் வேகம் ஏற ஏற அந்த எடைகள் வெளியே விரிந்து, பாயிண்ட்டைத் திறக்கும் கேமை முன்னால் தள்ளி, பொறியைச் சீக்கிரமாக அடிக்க வைக்கும். இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஸ்லோ ஸ்பீடில், அதாவது நிமிடத்துக்கு 600 சுற்றில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 3.6 டிகிரிதான் திரும்புகிறது. அதே எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் அதே நேரத்துக்குள் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. பெட்ரோல் எரிவதற்கு ஆகும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பிஸ்டன் மேலே வந்து இறங்கத் தொடங்கும் அந்தச் சரியான கணத்தில் முழு அழுத்தமும் கிடைக்க வேண்டுமானால், வேகம் ஏற ஏற முன்கூட்டியே பற்றவைத்தாக வேண்டும். உங்கள் வண்டியில் 19 வருடத் துரு அந்த எடைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்லோ ஸ்பீடில் சரியாக இருக்கும் டைமிங் மலையேறும் வேகத்தில் மிகவும் தாமதமாகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதுகூட உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் போகிறது. நீங்கள் எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் அதுதான் கொதிக்கும்.

பொறி அடிக்கும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டில் குறி சரியாகத் தெரிந்ததற்கும் இதுவே விளக்கம். ஸ்லோ ஸ்பீடில் எடைகள் வேலை செய்யத் தேவையே இல்லை. அவை உறைந்திருந்தாலும் லைட்டில் தெரியாது. உங்கள் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை அட்வான்ஸ் பக்கம் திருப்பியபோது, மேல் வேகத்தில் கொஞ்சம் சரியாயிற்று, ஸ்டார்ட் செய்யும்போது அளவுக்கு மீறிவிட்டது. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து அதைத் திருப்பித் தள்ளுவதால்தான் செல்ஃப் திக்குகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிலையில் ஓட்டாதீர்கள்.

மீட்டெடுத்து வரும் வண்டிகளில் பத்துக்கு ஆறில் இதைப் பார்க்கிறேன். போர் பண்ண லேத்துக்குப் போகிறது, பெயிண்டுக்குப் போகிறது, குரோமியத்துக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் வெளியே துடைத்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள். எஞ்சினுக்கு எப்போது பொறி கொடுப்பது என்று முடிவு செய்யும் பொருள் அது. அதைப் பிரிக்காமல் விட்டுவிட்டு எஞ்சினுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் எனக்கு மனது ஆறாது.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன், ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாடியின் விளிம்பில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எஞ்சினைச் சுற்றாதீர்கள். பாயிண்ட் தட்டை எடுத்து, எடைகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். சாண்ட் பேப்பர் வேண்டாம். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லியது, இன்னொன்று தடித்தது, அதன் வளையம் கொஞ்சம் தளர்வாகவே கொக்கியில் தொங்கும். 'ஒன்று தளர்ந்துபோச்சு' என்று நினைத்து இரண்டையும் இறுக்கமானதாகப் போட்டு நாசமாக்கிய வண்டிகள் பல என்னிடம் வந்திருக்கின்றன. அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைத்தது. கேமின் அடித்தட்டில் ஒரு எண் பொறித்திருக்கும், அதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் அதிகபட்ச அட்வான்ஸ். 10 என்றிருந்தால் கிராங்க்கில் 20 டிகிரி என்று பொருள், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது.

மாட்டும்போது கேம் தண்டின் உள்ளே எண்ணெய் விட வேண்டும். ரோட்டரை எடுத்தால் நடுவில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்ற வேண்டாம். அதன் தலை மேல் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டால் பக்கத்து இடைவெளி வழியே தானாகக் கீழே இறங்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதைச் செய்யச் சொல்வார். செய்தாயிற்றா என்று கேட்க மாட்டார். தானே ரோட்டரைத் தூக்கி, ஸ்க்ரூத் தலையை விரலால் தொட்டுப் பார்ப்பார். உலர்ந்திருந்தால் அன்று மதியச் சாப்பாடு எனக்குத் தாமதமாகும்.

எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வேக்குவம் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி, வட்டமான டப்பாவின் பக்கம் வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு அசைய வேண்டும். நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதனால் மலையில் கொதிக்காது. பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

இனி டைமிங். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் புல்லியில் இருக்கும் குறி உண்மை சொல்கிறதா? இந்த எஞ்சினில் புல்லியின் பின் விளிம்பில் ஒரு வெட்டு, டைமிங் கவரின் கீழ்ப்பக்கம் மூன்று முள்கள். நீளமானது டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை; மற்ற இரண்டும் 5, 10 டிகிரி. புதுப்பேட்டையிலிருந்து புல்லி ஒன்றும் கவர் வேறொன்றும் வாங்கிச் சேர்த்த வண்டியில் இவை ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எனவே இப்படிச் செய்யுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் நீளமான போல்ட் ஒன்றைப் பற்றவைத்து, ஒன்றாம் சிலிண்டரில் திருகுங்கள். எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் வந்து போல்ட்டில் தட்டி நிற்கும். நீள முள்ளுக்கு நேராகப் புல்லியில் கோடு போடுங்கள். இப்போது எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். மறுபடி தட்டி நிற்கும். மறுபடி கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான டி.டி.சி. வெட்டு அதே இடத்தில் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் புதிதாக ஒரு கோடு கீறி, அதில் வெள்ளை பெயிண்ட் தடவுங்கள். முள்களும் ஒடிந்துபோயிருந்தால், புல்லியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தை 36 ஆல் வகுங்கள். கிடைப்பது 10 டிகிரி.

கை மெதுவாக இருக்கட்டும். வேகமாகச் சுற்றித் தட்டினால் பிஸ்டன் தலையில் பள்ளம் விழும்.

போல்ட் வைத்த பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அடுத்து ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரும் நிலை. ராக்கர் கவரைத் திறந்து வைத்து, நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் பாருங்கள். ஒன்று மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்க, இரண்டு ராக்கரும் ஊசலாடும் கணத்தில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. அப்போது ரோட்டர், மூடியில் ஒன்றாம் நம்பர் வயர் வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து ரோட்டர் ஓடும் திசையில் 1, 3, 4, 2 என்று வயரை மாட்டுங்கள்.

பாயிண்ட் முழுவதும் திறந்த நிலையில் அதன் கேப்பை, அதாவது இடைவெளியை, ஃபீலர் கேஜ் தகட்டால் 15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) வையுங்கள். மில்லிமீட்டரில் 0.38. காயிலில் பாயிண்ட்டுக்கு வயர் போகும் சி.பி. முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு 12 வோல்ட் பல்பு கட்டி, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை பல்பு எரியாது; திறந்த கணத்தில் எரியும். எஞ்சின் ஓடும் திசையிலேயே ஹேண்டிலால் கொண்டுவந்து வெட்டை 5 டிகிரி முள்ளில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யாதீர்கள். அரைச் சுற்று பின்னே போய் மறுபடி வாருங்கள், செயினின் தொய்வு ஒரே பக்கம் இருக்கட்டும். ரோட்டரை லேசாகக் கடிகாரத் திசையில் அழுத்திப் பிடித்து, பாடியை மெதுவாகக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். பல்பு எரிந்த இடத்தில் நிறுத்தி கிளாம்ப்பை முடுக்குங்கள். நான் 5-ல் தொடங்குவேன். கடைசி முடிவு ரோட்டில்.

வேக்குவம் டப்பாவின் பக்கத்தில் பல் வைத்த சின்ன நட் இருந்தால், அது உங்களுக்கு நல்ல நண்பன். 'ஏ' பக்கம் அட்வான்ஸ், 'ஆர்' பக்கம் ரிட்டார்ட். 11 'கிளிக்' சேர்ந்தால் ஒரு டிகிரி, தண்டில் ஒரு கோடு சுமார் 5 டிகிரி. முதலில் அதை நடுவில் வைத்துவிட்டுப் பாடியை முடுக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

முடித்த பிறகு டைமிங் லைட்டை மறுபடி எடுங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ரேஸ் செய்யுங்கள். வெள்ளைக் கோடு முள்ளை விட்டு நகர்ந்து போக வேண்டும். விட்டதும் திரும்பி வர வேண்டும். அது நகர்வதைப் பார்த்த பிறகு கொடைக்கானலுக்குக் கிளம்புங்கள். அங்கிருந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கே: டைமிங் வைத்த பிறகு பாயிண்ட் கேப் பார்க்கலாமா, அதற்கு முன்பா?
– ஒரு வாசகர், ஈரோடு

ப: முன்பு. எப்போதும் முன்பு. கேப்பை அதிகமாக்கினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகிவிடும், குறைத்தால் ரிட்டார்ட். பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய கேப் குறைந்து டைமிங் பின்னால் போவதும் இதனால்தான். புதுப் பாயிண்ட் மாட்டி 500 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி பாருங்கள், முதல் தேய்மானம் அப்போதுதான் அதிகம். கேமில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள், அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டில் ஒட்டிக் கரியாகும்.

ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடுமாக இருக்கும் பாயிண்ட்டை ஃபீலர் கேஜ் ஏமாற்றும். தகடு மேட்டின் மேல் உட்காரும், உண்மை இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும். மாற்றிவிடுங்கள். மாற்றிய புதுப் பாயிண்ட்டும் சீக்கிரம் கருகினால், பாயிண்ட்டில் பொறி பறப்பதைத் தடுக்கும் கண்டன்சரைச் சந்தேகியுங்கள்.

கே: என் பழைய வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது. புது ஹாரன், ரேடியோவுக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினேன். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. டைமிங் மாறியிருக்குமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: டைமிங் மாறவில்லை. காயில் வயரை மாற்ற மறந்திருக்கிறீர்கள். பிளக்கின் நடு முனைதான் சூடாக இருக்கும். அங்கிருந்து பொறி கிளம்பினால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பாயும். காயில் தலைகீழாக இருந்தால் பொறி பலவீனம், குளிரில் முதலில் தெரியும். எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதிய பழைய காயிலில் அந்த இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

சரிபார்க்க பென்சில் போதும். எஞ்சின் ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் ஒரு பிளக் வயரைத் தூக்கி, பிளக் தலையிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். பென்சில் முனையை அந்த இடைவெளியில் நீட்டுங்கள். பொறி பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் அகன்று ஒளிர்ந்தால் சரி. வயர் பக்கம் ஒளிர்ந்தால் தலைகீழ்.

கே: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் பழைய கார் மேடு ஏறும்போது எஞ்சினில் தட்டும் சத்தம் வருகிறது. டைமிங்கை நிறைய ரிட்டார்ட் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

ப: அவசரப்படாதீர்கள். எத்தனால் தட்டலைத் தடுக்கும் பொருள். இந்தப் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது தட்டலைத் தாங்கும் அளவு, பழைய சாதாரண பெட்ரோலைவிட அதிகம். ஆகவே பெட்ரோல் 'மட்டம்' என்பதால் தட்டவில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) வைத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும், தயங்கித் தயங்கி இழுக்கும். பிளக்கை எடுத்துப் பாருங்கள். வெளிறி வெள்ளையாக இருந்தால் ஜெட்டைக் கவனியுங்கள், டைமிங்கை அல்ல. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ரப்பர் குழாய், கார்க் மிதவை இருந்தால் அதுவும், எத்தனாலைத் தாங்கும் சரக்காக மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊறிக் கசியும் குழாய்க்குக் கீழே சூடான மேனிஃபோல்டு இருக்கிறது.

இன்னொன்று: ஹெட்டை எத்தனை முறை ஃபேசிங் (அடி முகத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு முறையும் கம்ப்ரஷன் ஏறும். என் தொழிலின் ஆரம்ப வருடங்களில் நான் இதைக் கேட்காமல் ஒரு வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள டைமிங்கையே வைத்து அனுப்பினேன். ஏற்காடு ஏறும்போது தட்டிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டாம் பிஸ்டனின் தலை ஓரம் எலி கடித்தது போல் அரித்துப்போய்த் திரும்பி வந்தது. ஹெட் மூன்று முறை ஃபேசிங் ஆனது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த பிஸ்டனை இன்னும் பட்டறையில் வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன். அப்படிப்பட்ட எஞ்சினில் 2, 3 டிகிரி ரிட்டார்ட் நியாயம். அதற்கு மேல் போனால் திண்டுக்கல் வாசகரின் கொதிப்பு உங்களுக்கும் வரும்.

கே: செட்டிநாட்டு வீடு ஒன்றில் இருந்த 1930 ஃபோர்டு மாடல் ஏ காரை வாங்கியிருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு லிவர். இடது லிவர் எதற்கு? டைமிங் எப்படி வைப்பது?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: கொடுத்து வைத்தவர் நீங்கள். வலது லிவர் கை ஆக்ஸிலரேட்டர். இடது லிவர்தான் டைமிங். இந்த வண்டியில் எடையும் ஸ்பிரிங்கும் கிடையாது, வேக்குவமும் கிடையாது. அந்த வேலையை ஓட்டுகிறவரின் கை செய்ய வேண்டும். லிவர் முழுக்க மேலே இருந்தால் ரிட்டார்ட். கீழே இறக்க இறக்க அட்வான்ஸ். ஸ்டார்ட் செய்யும்போது மேலே. எஞ்சின் பிடித்ததும் கீழே. ஏற்றத்தில் திணறித் தட்டினால் கொஞ்சம் மேலே. ஒரு வாரம் ஓட்டினால் கைக்குப் பழகிவிடும். எஞ்சின் என்ன கேட்கிறது என்று இந்த வண்டி கற்றுத்தருவது போல வேறெதுவும் கற்றுத்தராது.

ஒரு எச்சரிக்கையை உரக்கச் சொல்கிறேன். லிவர் கீழே இருக்கும்போது ஹேண்டில் போடாதீர்கள். பொறி முன்கூட்டியே அடித்து ஹேண்டில் எதிர்த்து அடிக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். ஒருபோதும் மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். இந்த ஆபத்தைப் போக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது. அதைச் செய்த சார்லஸ் கெட்டரிங்தான் இன்று நாம் பேசும் பாட்டரி, காயில், பாயிண்ட் ஏற்பாட்டையும் உருவாக்கியவர்.

டைமிங் வைக்க ஃபோர்டு ஓர் அருமையான வழி வைத்திருக்கிறது. எஞ்சினின் முன்பக்க டைமிங் கியர் மூடியில் ஒரு பின் திருகியிருக்கும். அதைக் கழற்றி, உருண்ட முனை உள்ளே போகும்படி திருப்பி வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே ஹேண்டிலை ஒருவரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்ததும் பின் கேம் கியரில் உள்ள குழியில் 'டொப்'பென்று இறங்கும். லிவரை முழுக்க மேலே தள்ளுங்கள். பாயிண்ட் கேப் 18 முதல் 22 தௌ. டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ரோட்டர் ஒன்றாம் நம்பரைப் பார்க்க, பாயிண்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்கும்படி கேமைத் திருப்பி முடுக்குங்கள். பல்பு இல்லையென்றால் சிகரெட் தாள் ஒரு துண்டைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். திறந்த கணத்தில் தாள் வழுகி வரும்.

வயர் வரிசையில் கவனம். நம் அம்பாசிடர் பழக்கத்தில் 1, 3, 4, 2 என்று மாட்டிவிடாதீர்கள். மாடல் ஏ-க்கு 1, 2, 4, 3. பின்னை மறக்காமல் திரும்பத் திருகுங்கள்.

கே: பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: பாயிண்ட் தேய்மானமும் கேப் பார்ப்பதும் தீரும். தினமும் ஓட்டுகிறவர் தாராளமாகப் போடலாம். ஆனால் பாயிண்ட் இருந்த இடத்தில் மட்டும் உட்காரும் கிட்டுக்குக் கீழே அதே எடைகள், அதே ஸ்பிரிங்குகள்தான் இருக்கும். துருப்பிடித்திருந்தால் கிட் ஒன்றும் செய்யாது. கழற்றிய பாயிண்ட், கண்டன்சரைத் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். கிட் போனால் நடுவழியில் அதைப் பழுது பார்க்க முடியாது.

கே: அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய பத்மினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலை கற்றுக்கொண்டு நானே எல்லாம் செய்ய ஆசை. டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்திலும் பக்கத்தில் பிளாக்கிலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. அப்பா போட்டது. எதற்காக? காதால் கேட்டே டைமிங் வைப்பாராம். அதை எப்படிக் கற்றுக்கொள்வது?
– ஒரு வாசகி, மதுரை

ப: அம்மா, அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள். அது அப்பா பலமுறை ஓட்டிப் பார்த்து, 'இதுதான் இந்த எஞ்சினுக்கு' என்று முடிவு செய்த இடம். புத்தகத்தில் இருப்பது அந்த மாடலுக்கான அளவு. இந்தக் கோடு இந்த ஒரு வண்டிக்கான அளவு.

காதுக்கு வருமுன் பல்பு. மேலே சொன்ன முறையில் பாயிண்ட் கேப் வைத்து, உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ள டிகிரியில் பல்பு எரியும்படி வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் அட்வான்ஸ் என்று குழம்ப வேண்டாம்: ரோட்டர் ஓடும் திசையைப் பாருங்கள், பாடியை அதற்கு எதிர்த்திசையில் திருப்பினால் அட்வான்ஸ். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும், ரிங் ரோட்டில் நெரிசல் இல்லாத அதிகாலையில் எடுங்கள். டாப் கியரில் 35, 40 வேகத்தில் போய், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பித்தளைக் கிண்ணத்தில் குண்டுமணி உருட்டியது போல ஒரு மெல்லிய சத்தம் இரண்டு விநாடி கேட்டு, வேகம் ஏறியதும் மறைய வேண்டும். சத்தம் மறையாமல் தொடர்ந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள், ஓரம் கட்டிக் கொஞ்சம் ரிட்டார்ட் செய்யுங்கள். சத்தமே இல்லாமல் இழுவையும் மந்தமாக இருந்தால் கொஞ்சம் அட்வான்ஸ். ஒவ்வொரு முறையும் ஊசி முனை அளவு, அதற்கு மேல் நகர்த்த வேண்டாம். ஒரே ரோடு, ஒரே மேடு, வண்டியில் அதே ஆட்கள். காது அப்படித்தான் பழகும்.

முடித்ததும் அப்பாவின் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்து நின்றால் அவர் காதும் உங்கள் காதும் ஒன்றையே கேட்டிருக்கின்றன. சற்று விலகி நின்றால் யாரும் தவறு செய்ததாக அர்த்தம் இல்லை. செயின் நீண்டிருக்கும், அவர் வைத்திருந்த பாயிண்ட் கேப் வேறாக இருந்திருக்கும். அந்த விலகலை அளந்து, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அவர் கோட்டுக்குப் பக்கத்தில், வேறு நிற பெயிண்டில், உங்கள் கோட்டைப் போடுங்கள்.